தனியாக ஓடி இரண்டாவதாக வந்தவள்

ஊரில் ஒரு பேச்சு அடிபட்டது. பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியும் ஸ்லாவிய மொழிகளும் சொல்லிக்கொடுக்கிற துறையில் ஒரு பெண்மணி ஒற்றை ஆளாகப் பரிசுப் போட்டிக்குப் போய் இரண்டாம் பரிசு வாங்கினாளாம். எதிரே ஒருவரும் இல்லை, பக்கத்திலும் ஒருவரும் இல்லை, அப்படியும் இரண்டாவது. அதோடு விட்டாளா? மூன்று பேராசிரியர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, அவர்களுக்குப் புரியாத பாஷையில் கிழி கிழியென்று கிழித்து, முதல் பரிசையும் வெளிநாட்டு உதவித்தொகையையும் பிடுங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாளாம்.

இவ்வளவு நல்ல செய்தி பொய்யாக இருந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் விசாரிக்கப் புறப்பட்டேன். முதல் பாதி எழுத்துக்கு எழுத்து உண்மை. இரண்டாம் பாதியில் ஊர்க்காரர்கள் தங்கள் கைச்சரக்கைச் சேர்த்திருந்தார்கள். சேர்க்காமலே அது நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்மணிக்குக் கிளட்ச் அக்கா என்று பெயர். அதாவது ஊர் வைத்த பெயர். தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. ஓட்டுநர் பள்ளிக் காரில் கற்பவருக்கு ஒரு ஜோடி பெடல், அருகில் உட்காரும் ஆசிரியருக்கு இன்னொரு ஜோடி. அக்காவின் அந்த இன்னொரு ஜோடியை நம்பித்தான் எங்கள் நகரத்தில் பல சைக்கிள்காரர்கள் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். பதற்றத்தில் இரண்டு காலையும் எங்கேயோ வைத்து அழுத்துகிறவர்களிடம், “கிளட்ச்சை மிதிங்க, என் உயிரை மிதிக்காதீங்க” என்பார். மற்றபடி மரியாதையானவர்.

கார் சொல்லிக்கொடுக்கிறவருக்கும் ருஷ்ய மொழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் ஒரு நாற்சந்தியில் ஏற்பட்டது. பக்கத்துத் தொழிற்சாலைக்கு வந்திருந்த ருஷ்ய எஞ்சினியரின் மனைவி கார் பழக வந்தார். அந்த அம்மாளுக்கு நம் மொழி தெரியாது. அக்காவுக்கு அவர் மொழி தெரியாது. சரி, அவசரத்துக்கு நாலு சொல்லாவது வேண்டுமே என்று அக்கா எங்கேயோ தேடி ‘நில்’, ‘வலது’, ‘இடது’, ‘போ’ ஆகியவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போனார். நாற்சந்தியில் பச்சை விளக்கு விழுந்தது. அக்கா தம் ருஷ்யத்தில் “போங்க” என்றார். அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றினார், கதவைத் திறந்தார், இறங்கி நடந்துவிட்டார். பின்னால் பேருந்து ஒலிக்கிறது, லாரிக்காரன் வாழ்த்துகிறான், அக்கா மட்டும் காருக்குள்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அக்கா சொன்ன ‘போ’, நடந்து போகிறவர்களுக்கான ‘போ’. வண்டியில் போகிறவர்களுக்கு வேறு ‘போ’ இருக்கிறது. நாம் ‘போ’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கடைக்கும் காட்டுக்கும் காலத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறோம். அங்கே அதைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருக்கிறார்கள். நடந்து போவது ஒன்று, வண்டியில் போவது ஒன்று, ஒரு வழியாகப் போவது, ஓயாமல் போவது, போய்த் தொலைவது, போய்த் திரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இதைக் கேட்டது வேறு யாராவதாக இருந்தால் அந்தப் பாஷையின் திசைக்கே கும்பிடு போட்டிருப்பார்கள். போக்குவரத்தையே பிழைப்பாகக் கொண்ட அக்காவுக்கோ, இது நமக்காகவே செய்த பாஷை என்று தோன்றிவிட்டது. அஞ்சல் வழியில் பட்டம் முடித்து, மாலை வகுப்பில் முதுகலைக்கும் சேர்ந்தார்.

துறை இருப்பது விலங்கியல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மொழிகளுக்கு இடம் ஒதுக்கும்போது அங்கேதான் அறை காலியாக இருந்ததாம். படியேறும் வழியெல்லாம் கண்ணாடிச் சாடிகளில் பாம்பும் தவளையும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெயர்ப்பலகையில் ‘ஜெர்மன்’ பெரிதாகவும், ‘மற்றும் ஸ்லாவிய மொழிகள் துறை’ என்பது, பந்தியில் கடைசியாக வந்தவர்களை நெருக்கி உட்காரவைத்ததுபோலச் சின்னதாகவும் இருக்கும். ஜெர்மன் பக்கம் ஆசிரியர்களுக்கும் பஞ்சமில்லை, மாணவர்களுக்கும் பஞ்சமில்லை, பரிசுகளுக்கும் பஞ்சமில்லை. சிறந்த உச்சரிப்புக்கு ஒன்று, சிறந்த கையெழுத்துக்கு ஒன்று, சிறந்த முன்னேற்றத்துக்கு ஒன்று. இந்த முன்னேற்றப் பரிசை வாங்குவதற்காகவே முதல் ஆண்டில் வேண்டுமென்றே கோட்டைவிட்ட ஒரு பையனைப் பற்றித் துறையில் இன்னும் மரியாதையாகப் பேசுகிறார்கள். பரிசு வாங்காமல் ஜெர்மன் படித்து முடிப்பது கஷ்டம்.

ஸ்லாவியப் பக்கம் ஒரே ஒரு விரிவுரையாளர், மூன்று மாணவர்கள். பரிசும் ஒன்றே ஒன்று. ஆனால் அந்த ஒன்று, ஒன்பதுக்குச் சமம்: அந்த மொழி பேசும் நாட்டுக்கே போய் ஓராண்டு படிக்க முழு உதவித்தொகை. மொழிபெயர்ப்புத் தேர்வில் முதல் வகுப்பு எடுத்தால் முதல் பரிசும் உதவித்தொகையும். எடுக்காவிட்டால் இரண்டாம் பரிசு: ஒரு சான்றிதழ், ஒரு கைகுலுக்கல்.

வயது வரம்பும் உண்டு. அக்கா அந்த வரம்பின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு விண்ணப்பமே போட முடியாது. மூன்று மாணவர்களில் ஒருவருக்கு வேலை கிடைத்து அவர் நின்றுவிட்டார். இன்னொரு பெண் முதலாண்டு, தகுதி வரவில்லை. ஆக, தேர்வு அறையில் அக்கா, ஒரு மேசை, ஒரு மின்விசிறி.

தேர்வுக்கான பத்தி இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. ஒரு மின்சார வேலைக்காரர் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். வாசலில் நின்று மனைவியிடம், ‘டவுனுக்குப் போயிட்டு வரேன், கதவைச் சாத்திக்கோ’ என்கிறார். அதை ஜெர்மன் மாணவர்கள் ஜெர்மனிலும் அக்கா ருஷ்யத்திலும் எழுத வேண்டும். அக்கா தாளில் வைத்த பேனாவை எடுக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இங்கேதான் இயற்கை குறுக்கிட்டது. விடைத்தாளைத் திருத்த வேண்டிய விரிவுரையாளருக்குப் பிரசவம் முன்கூட்டியே ஆகிவிட்டது. அவர் எழுதிவைத்திருந்த மாதிரி விடையை வைத்துக்கொண்டு திருத்தும் பொறுப்பு துறைத்தலைவர் தலையில் விழுந்தது. துறைத்தலைவர் ஜெர்மன்காரர், பிறப்பால் அல்ல, பழக்கத்தால். கைக்குட்டையைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைப்பவர். ருஷ்ய எழுத்துகளை எழுத்துக்கூட்டி வாசிப்பார், அதற்கு மேல் போகமாட்டார். ஆனால் நேர்மையில் அவரை அசைக்க முடியாது. மாதிரி விடையை ஒரு பக்கமும் அக்காவின் விடையை மறுபக்கமும் வைத்து, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோலச் சொல்லுக்குச் சொல் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாப் பொருத்தமும் இருந்தது. ‘போயிட்டு வரேன்’ என்ற இடத்தில் முட்டியது. மாதிரி விடையில் இரண்டு வினைச்சொற்கள்: போகிறேன், திரும்பி வருகிறேன். அக்காவின் தாளில் ஒன்றுதான் இருந்தது. பாதி வாக்கியத்தை விட்டுவிட்டார் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார். முதல் வகுப்புக்கு இரண்டு மதிப்பெண் போதவில்லை.

அறிவிப்புப் பலகையைப் பார்த்த அக்கா நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனார்.

“சார், நான் ஒருத்திதான் எழுதினேன். எனக்கு முன்னாடி ஓடினது யாரு?”

“யாரும் இல்லைம்மா. முதல் இடம் காலியாத்தான் இருக்கு.”

“காலியா இருக்கிற சீட்டுல உட்காரக் கூடாதா?”

“ரிசர்வ் பண்ணினதா வெச்சுக்கங்க” என்ற துறைத்தலைவர், தாளை எடுத்து அந்த இடத்தைக் காட்டினார். “பாருங்க. போயிட்டு வரேன்னு இருக்கு. நீங்க போயிட்டீங்க. வரவே இல்லை.”

வந்தது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று அக்கா வாதாடினார். அவர் எழுதியிருந்த சொல் ‘ஸ்யெஜ்ஜு’. அதைச் சத்தமாகச் சொன்னபோது, பக்கத்து மேசை எழுத்தர் தலை தூக்கி, யாருக்குச் சளி என்று விசாரித்தார். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு அந்தச் சொல்லுக்குள் யாரும் திரும்பி வருவது தெரியவில்லை. தெரியாததற்கு மதிப்பெண் போட அவரால் முடியாது. முடியாது என்பதைச் சொல்லும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது. முறையீடு செய்ய வழி உண்டு என்று அவரே எடுத்துச் சொன்னார். ஆனால் துறையின் விதிப்படி முறையீட்டை நேரில், வாய்மொழியாக, பரிசுக்குரிய மொழியிலேயே செய்ய வேண்டும். யாரும் முறையிடக் கூடாது என்பதற்காக என்றோ யாரோ போட்ட விதி. நல்ல விதிதான், அதுவரை ஒருவரும் முறையிட்டதில்லை.

கேட்கப்போகிற மூன்று பேரும் ஜெர்மன் பேராசிரியர்கள். பேசப்போவது ருஷ்யத்தில். மூவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. இதில் என்ன தவறு என்று துறைத்தலைவருக்கும் தோன்றவில்லை, விதியில் அதற்குத் தடையும் இல்லை. பிரசவமான விரிவுரையாளரைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, முடிவில் அவரிடம் பொருள் கேட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. நாள் மட்டும் குறிக்க முடியவில்லை. குழந்தை எப்போது தூங்குகிறதோ அப்போது.

வீட்டில் அக்காவின் மாமியார், கிடைத்ததை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாமே, ஒரு வருஷம் பிள்ளையை விட்டுவிட்டு அந்தக் குளிரில் போய் என்ன கிழிக்கப்போகிறாய் என்று ஆரம்பித்தார். அக்காவுக்கே அன்று சற்று ஆட்டம் கண்டிருந்தது. கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்த பிறகே பேசுவார்.

“பால் திரிஞ்சதுக்கே கடைக்காரரை மூணு தெரு துரத்தினவ நீ. இதுக்குச் சும்மா இருந்துடுவியா?” என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “பிள்ளையை நான் பார்த்துக்கிறேன். என்னைத்தான் யாரு பார்த்துக்கப்போறாங்கன்னு தெரியலை” என்றார். மாமியார் சிரித்துத் தொலைத்துவிட்டதால் அந்த வழக்கு அங்கேயே தள்ளுபடியானது.

அக்காவுக்குத் தனியாக உட்கார்ந்து தயார் செய்ய நேரம் ஏது? காரிலேயே ஒத்திகை பார்த்தார். கற்பவர் பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, அக்கா சாலையைப் பார்த்தபடி ருஷ்யத்தில் வாதாடிக்கொண்டே வருவார். கற்பவர்கள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று நினைத்தார்கள். அந்த நாட்களில் அவரிடம் பழகியவர்கள் யாரும் மஞ்சள் விளக்கைக்கூடத் தாண்டவில்லை. பேராசிரியர்களைக் கிழித்தார் என்ற வதந்திக்கு விதை போட்டவர்கள் இவர்களே என்பது என் கண்டுபிடிப்பு.

ஒருநாள் பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், ஒரு பல் டாக்டருக்குப் பின்னோக்கி ஓட்டி நிறுத்துவதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் பாதி உள்ளே, பாதி வெளியே. அப்போது மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து எழுத்தர் கத்தினார்: குழந்தை தூங்கிவிட்டது. அக்கா கைப்பிரேக்கை இழுத்தார். “ஒரு நிமிஷம் டாக்டர், அசையாதீங்க” என்றார். நோயாளிகளிடம் தினமும் தான் சொல்வதைத் தன்னிடம் ஒருவர் சொல்லக் கேட்ட டாக்டர் அப்படியே வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டார். அக்கா பாம்புச் சாடிகளைத் தாண்டி மேலே ஓடினார்.

அறையில் மூன்று பேராசிரியர்கள், நடுவே மேசைமேல் தொலைபேசி. அக்காவுக்கு மூச்சு இரைத்தது. முதல் வாக்கியமே தடம் புரண்டது. காலையில் வீட்டிலிருந்து காரில் வந்தேன் என்று தொடங்க நினைத்தவர், அவசரத்தில் நடந்து வருவதற்கான சொல்லைப் போட்டுவிட்டார். தொலைபேசிக்குள்ளிருந்து விரிவுரையாளர், அப்படியானால் காரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாயா என்று ருஷ்யத்தில் கேட்டார். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். என்ன ஏது என்று தெரியாத மூன்று பேராசிரியர்களும் சபை நாகரிகம் கருதிச் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அக்காவின் படபடப்பு கழன்று விழுந்தது.

அப்புறம் வண்டி டாப் கியரில் போயிற்று. கையை ஸ்டியரிங் போல வளைத்தார், கியர் மாற்றினார், மேசையின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை விரலை ஓட்டி, திரும்பப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தார். ஒரு பேராசிரியர் பொருத்தமான இடைவெளிகளில் தலையாட்டினார். இன்னொருவர் குறிப்பு எடுத்தார். என்ன எடுத்தார் என்று அவருக்கும் தெரியாது. நடுவில் குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. துறைத்தலைவர் தொலைபேசியைக் குனிந்து பார்த்து, “குழந்தை ஆதரிக்குதா, எதிர்க்குதா?” என்று கேட்டார். அவர் பணிக்காலத்தில் செய்த ஒரே நகைச்சுவை அது என்கிறார்கள்.

பேசி முடித்ததும் விரிவுரையாளர் சாரத்தைச் சொன்னார். தான் மாதிரி விடையில் எழுதியதும் சரி, அக்கா எழுதியதும் சரி. ‘ஸ்’ என்ற அந்த முன்னொட்டு சேர்ந்துவிட்டால் வண்டியில் போனவர் திரும்பி வந்தே தீர வேண்டும். வராமல் இருந்தால் அந்தச் சொல்லையே அங்கே போட முடியாது. துறைத்தலைவர் உடனே தலையாட்டிவிடவில்லை. அவர் மனத்தில் வேறொரு முள் இருந்தது. இதற்கு முன் அந்த உதவித்தொகையில் போன இரண்டு பேரும் திரும்பவில்லை. ஒருவர் அங்கேயே ரொட்டிக் கடை வைத்துவிட்டார்; இன்னொருவர் அந்த ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். திரும்பி வந்து ஸ்லாவியப் பக்கத்தை நிமிர்த்த ஓர் ஆள் வேண்டும் என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவைத்துவிட்டு நேராகவே கேட்டார்:

“சரிம்மா. நாளைக்கு உங்களை அனுப்பினா, நீங்க போவீங்களா, இல்லை போயிட்டு வருவீங்களா?”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஸ்யெஜ்ஜு.”

துறைத்தலைவர் தொலைபேசி பக்கம் குனிந்து, “என்ன சொன்னாங்க?” என்றார்.

“ரெண்டையும் சொல்லிட்டாங்க சார்” என்றார் விரிவுரையாளர்.

துறைத்தலைவர் பேனாவைத் திறந்தார். குறைத்த மதிப்பெண்ணை அடித்து, முழு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். பிறகு மற்ற இரு பேராசிரியர்களையும் பார்த்து, நம் ஜெர்மனில் இந்த வசதி இல்லையே என்று, பக்கத்து வீட்டில் புது வண்டி வாங்கியதைப் பார்த்தவர்போலச் சொன்னார். அந்தத் துறையின் வரலாற்றில் ஸ்லாவியப் பக்கத்தைப் பார்த்து ஜெர்மன் பக்கம் பொறாமைப்பட்டது அதுவே முதல் முறை என்று எழுத்தர் எனக்கு அடித்துச் சொன்னார்.

பரிசளிப்பு விழா அன்று பல்கலைக்கழகம் ஸ்தம்பித்தது. இது மிகையல்ல, காவலாளி சாட்சி. அக்காவிடம் ஓட்டக் கற்றவர்கள் எல்லோரும், அவரவர் வண்டியை அவரவரே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசலிலிருந்து விலங்கியல் கட்டடம்வரை கார்கள். சிலர் கோட்டுக்குள் நிறுத்தினார்கள், சிலர் கோட்டின்மேல், ஒருவர் பூந்தொட்டியின்மேல். உள்ளே ஜெர்மன் பக்கத்துப் பரிசுகளை வாசித்து முடிக்கவே விழாவின் பெரும்பகுதி போய்விட்டது. கடைசியில் ஸ்லாவிய மொழிகள், முதல் பரிசு, ஓராண்டு உதவித்தொகை என்று அறிவித்தபோது, அரங்கத்தில் இடம் கிடைக்காமல் கார்களிலேயே உட்கார்ந்திருந்த கூட்டம் ஒரே நேரத்தில் ஹாரனை அழுத்தியது. சாடிகளில் இருந்த பாம்புகள் அசைந்தன என்று விலங்கியல்காரர்கள் புகார் கொடுத்தார்கள். மேடையில் அக்கா பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்தைத் தேடினார். மாமியார் முதல் வரிசையில் இருந்தார். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், இவளை நான்தான் போகச் சொன்னேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேடையைப் பார்த்தார். மூடாத கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பதால் அதைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அக்கா அங்கே இருக்கிறார். உறைபனிச் சாலையில் ஓட்டுவது எப்படி என்று வகுப்புத் தோழர்களுக்கே பாடம் எடுப்பதாகக் கேள்வி. பனியையே அதற்கு முன் பார்த்திராதவர் என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. முதல் பருவத் தேர்வில் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம். இந்த முறை கூடவே ஓடியவர்கள் ஓர் அறை நிறைய இருந்தார்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் அக்கா பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று மாடிக்கு ஓடியவர் திரும்பி வருவதற்குள் காவலாளி வந்து, பல் டாக்டரை உள்ளே வைத்தே காரைத் தள்ளி ஓரம்கட்டிவிட்டார். பிறகு விசா, பயணம் என்று ஒரே ஓட்டம். பின்னோக்கி ஓட்டும் பாடத்தில் டாக்டருக்குப் பாதிதான் நடந்திருக்கிறது. எப்படியோ உரிமம் வாங்கிவிட்டார். தேர்வு நடத்தியவருக்கு அன்று பல்வலி. ஓட்டுநர் பள்ளியில் வேறு ஆசிரியரை அனுப்புகிறோம் என்றார்கள். பாதியில் விட்டவர்தான் வந்து முடிக்க வேண்டும், நான் ஒரு பல்லைப் பாதி பிடுங்கிவிட்டு இன்னொரு டாக்டரிடம் அனுப்புவேனா என்று மறுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் முன்னோக்கி மட்டுமே ஓட்டுகிறார். நாலடி பின்னால் இருக்கும் கடைக்கு நகரத்தையே சுற்றிக்கொண்டு வருவார். அக்காவுக்குச் செய்தி அனுப்பி நினைவூட்டுகிறார். அக்காவும் சரி, வந்து முடிக்கிறேன் என்று பதில் போடுகிறார்.

போன வாரம் டாக்டர் வழி தவறி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டார். எங்கள் தெரு முட்டுச்சந்து. நானும் இன்னும் சிலரும் வண்டியைப் பின்னால் எடுத்துத் தருகிறோம் என்று மன்றாடிப் பார்த்தோம். டாக்டர் கைப்பிரேக்கை இழுத்தார், பூட்டினார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு நடந்தே போனார். கார் இன்னும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.